செட்டிநாட்டு வீடுகளில் புதையலைக் காக்கும் பூதம் உண்டா?

கேள்வி: தேவகோட்டைக்கு அருகில் உள்ள எங்கள் பூர்விக வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து விற்கப் போகிறோம். இரண்டாம் கட்டில் பர்மாப் பணம் புதைந்திருக்கிறது, நாகம் காவல் இருக்கிறது, கை வைத்தால் வம்சம் தழைக்காது என்று ஊரில் சொல்கிறார்கள். எகிப்தில் மன்னர் கல்லறையைத் திறந்தவர்கள் வரிசையாகச் செத்தார்களே, அதைப்போல இதிலும் ஏதாவது இருக்குமா?

பதில்:

எகிப்தில் வரிசையாக யாரும் சாகவில்லை. உங்கள் வீட்டிலும் சாக மாட்டார்கள், மூடிய நிலவறைக்குள் அவசரப்பட்டு இறங்காத வரை. ஆனால் இந்த மாதிரிக் கதைகளை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு சாபக் கதையைக் கேட்டால் அதை யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன வரவு என்று பார்க்க வேண்டும். வட்டிக் கணக்கில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எகிப்துக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். துட்டன்காமுன் கல்லறையின் முதல் படிக்கட்டு 1922 நவம்பர் 4 அன்று வெளிப்பட்டது. தோண்டியவர் ஹோவர்டு கார்ட்டர், செலவு செய்தவர் கார்னர்வன் பிரபு. 1923 பிப்ரவரியில் மன்னரின் சவ அறையைத் திறந்தார்கள். ஏப்ரல் 5 அன்று கார்னர்வன் கெய்ரோவில் இறந்தார். கன்னத்தில் கொசு கடித்த இடம் சவரக் கத்தியில் கீறிப் புண்ணாகி, இரத்தத்தில் நஞ்சேறி, நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. பென்சிலின் இல்லாத காலம். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த மோட்டார் விபத்திலேயே உடல் நலிந்து, குளிர்காலத்தைக் கழிக்க எகிப்துக்கு வரத் தொடங்கியவர் அவர்.

இதற்குள் வேறொரு காரியம் நடந்திருந்தது. கல்லறைச் செய்திகளை வெளியிடும் தனி உரிமையை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கார்னர்வன் விற்றிருந்தார். மற்றப் பத்திரிகை நிருபர்கள் வெயிலில் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். எழுதச் செய்தி இல்லை, ஆசிரியரோ தந்திமேல் தந்தி அடிக்கிறார். அந்த நேரத்தில் பிரபு இறந்தது அவர்களுக்குப் பெரிய கொடையாகிவிட்டது. கெய்ரோவில் விளக்குகள் அணைந்தன, இங்கிலாந்தில் அவருடைய நாய் ஊளையிட்டுச் செத்தது என்றெல்லாம் கதை வளர்ந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே, கல்லறையைக் காக்கும் தீய சக்திகள் இருக்கலாம் என்று பேட்டி கொடுத்தார். துப்பறிவாளனுக்கு இருந்த நிதானம் அவனைப் படைத்தவருக்கு இல்லை.

அந்தக் கல்லறையில் சாப வாசகம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கார்ட்டர் அதன்பின் பத்தாண்டுக் காலம் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகப் பட்டியலிட்டுவிட்டு, 1939இல் 64ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். முதல் ஆட்களோடு உள்ளே போன கார்னர்வனின் மகள் ஈவ்லின் 1980 வரை உயிரோடு இருந்தார். 2002இல் மார்க் நெல்சன் என்ற மருத்துவ ஆய்வாளர், அப்போது எகிப்தில் இருந்ததாகக் கார்ட்டர் குறித்துவைத்த மேற்கத்தியர் 44 பேரின் ஆயுளைக் கணக்கெடுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். கல்லறையோடு தொடர்புபட்டவர்கள் 25 பேர். இறந்தபோது அவர்களின் சராசரி வயது 70. சாபத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தென்படவில்லை என்பதே அவருடைய முடிவு.

எகிப்தியருக்குச் சாபமிடத் தெரியாது என்பதில்லை. கிசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில், அவற்றைக் கட்டியவர்களின் இடுகாட்டில், இந்தக் கல்லறைக்குத் தீங்கு செய்பவனை முதலையும் நீர்யானையும் சிங்கமும் தின்னட்டும் என்று ஒரு கல்லறையில் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட வாசகங்கள் பெரும்பாலும் அதிகாரிகள், கைவினைஞர்கள் போன்ற சாமானியக் கல்லறைகளில்தான் கிடைக்கின்றன. காவல் வைக்க வசதி இல்லாதவன் சிங்கத்தைக் காவல் வைத்தான். திருடர்கள் சிங்கத்துக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. எகிப்துக் கல்லறைகளில் பெரும்பாலானவை பழங்காலத்திலேயே சூறையாடப்பட்டவை. துட்டன்காமுன் கல்லறைக்குள்ளும் அன்றே இருமுறை திருடர் புகுந்திருக்கிறார்கள். பிறகு அது தப்பியதற்குக் காரணம், பக்கத்தில் ஆறாம் ராம்சேஸ் மன்னருக்குக் கல்லறை குடைந்தபோது கொட்டிய கல்லும் மண்ணும் இதன் வாசலை மூடிவிட்டதுதான். காப்பாற்றியது குடைந்து கொட்டிய கழிவு.

சமர்கண்டில் தைமூரின் கல்லறையைத் திறந்ததால் ஹிட்லர் சோவியத் நாட்டின்மேல் படையெடுத்தான் என்றும் ஒரு கதை உண்டு. கல்லறையைத் திறந்தது 1941 ஜூனில். படையெடுப்புக்கான உத்தரவில் ஹிட்லர் கையெழுத்திட்டது 1940 டிசம்பரில். தைமூர் ஆறு மாதம் முன்கூட்டியே கோபித்துக்கொண்டார் போலும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். நம்மவர்களும் சாபத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அதுவும் ஏராளமாக. பழைய சிவன் கோயில்களின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுக் கல்வெட்டைப் படித்தால், "இத்தன்மத்துக்கு அகிதம் பண்ணினவன் கெங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போகக் கடவான்" என்ற மாதிரியான வரியைப் பார்க்கலாம். கங்கைக்கும் குமரிக்கும் இடையில் உள்ளவர்கள் செய்த பாவம் எல்லாம் இவன் தலையில் விடியட்டும் என்று இன்னும் தாராளமாகச் சபிப்பதும் உண்டு. தர்மத்தைக் காக்கச் சொல்லும் இந்தக் கல்வெட்டு வரிகளை ஓம்படைக்கிளவி என்பார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்தச் சாபம் எதைக் காக்கிறது என்பதைத்தான். புதைத்த பொன்னைக் காக்க வெட்டியதன்று. ஒருவர் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு விட்டிருப்பார், அல்லது அமுதுபடிக்கு நிலம் கொடுத்திருப்பார். ஆடும் நிலமும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஊருக்குள்தான் இருந்தன. இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று முதலில் கும்பிடு போட்டுவிட்டு, "இது பன்மாகேஸ்வர இரட்சை" என்று அடியார் கூட்டத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அதற்கும் அடங்காதவனுக்குத்தான் காராம்பசுவைக் கொண்டுவந்தார்கள். ஆள் காவல் முதலில், சாபம் அதற்குப் பிறகு. மறைத்துவைத்த பொருளுக்குக் கல்வெட்டு எழுதும் அசடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எழுதினால் மறைத்ததாக ஆகாதே.

அப்படியானால் செட்டிநாட்டு வீடுகளில் பூதமும் நாகமும் எப்படிக் குடிவந்தன? என் கணிப்பைச் சொல்கிறேன்.

நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வீட்டு அமைப்பை நினைத்துப் பாருங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. பிள்ளைகளுக்குத் திருமணம் ஆனதும் வேறு வைப்பார்கள். அதாவது ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமாகி வேறு வைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று பிரியும். முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. இரண்டு மூன்று தலைமுறை கழிந்ததும் ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்கு. ஓர் அறையின் சாவி சென்னையில், இன்னோர் அறையின் சாவி கோலாலம்பூரில், மூன்றாவது எங்கே என்றே தெரியாது. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வீட்டில் கதை பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்?

அந்தக் கதைக்கு வேலையும் இருந்தது. பங்கு பிரியாத வீட்டில் ஒரு பங்காளி தனியாக வந்து பெட்டகத்தையோ பரணையோ குடையக் கூடாது. வாசலில் கூர்க்காவை நிறுத்தினால் உறவு கெடும். "அந்த அறைப் பக்கம் போகாதே அப்பா, அங்கே நாகம் இருக்கிறது" என்று அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகளும் போக மாட்டார்கள், வேலையாட்களும் போக மாட்டார்கள், உறவும் கெடாது. முன்னோர்க்குப் படைப்புப் போடும் குடும்பங்களில், படைத்த சேலையையும் வேட்டியையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, அடுத்த படைப்பு வரை யாரும் தொடாமல் காப்பாற்றும் வழக்கம் உண்டு. அது பக்தி. ஆனால் அயலில் இருந்து எட்டிப் பார்ப்பவனுக்கு அது தொடக் கூடாத பெட்டி. தொடக் கூடாத பெட்டியில் தங்கம் இருப்பதாக நினைப்பது மனித சுபாவம்.

பர்மாப் பணத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மர்மம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. செட்டிநாட்டில் அத்தனை பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் பணத்தைப் புதைப்பவர்கள் அல்லர். பணம் சும்மா கிடந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. வட்டிக்கு விட்ட பணம் இரங்கூனிலும் மோல்மீனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். பணமாகத் திரும்ப வேண்டியது சேறும் வயலுமாக ஐராவதிக் கரையிலேயே நின்றுவிட்டது.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டில் நடந்து வந்தார்கள், மலேரியாவிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் போக. அந்த நடைக்குத் தங்கப் பாளத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா என்று நீங்களே யோசியுங்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1963, 64இல் நே வின் அரசு வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. உங்கள் முன்னோரின் புதையல் இரண்டாம் கட்டில் இல்லை, பர்மா நெல் வயலில் இருக்கிறது. அதை யாராலும் தோண்டி எடுக்க முடியாது. இந்த இழப்பை ஏற்றுக்கொள்வதைவிட, எங்கோ புதைத்துவைத்திருக்கிறார்கள், பூதம்தான் விடமாட்டேன் என்கிறது என்று நம்புவது மனத்துக்கு ஆறுதல். அதனால்தான் பர்மாக் கணக்கில் நொடித்த வீடுகளில் இந்தக் கதை அதிகம் கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் உண்மையாகவே இருந்த செல்வம் வேறு. பர்மாத் தேக்கில் கடைந்த தூண், செதுக்கிய நிலை, பித்தளை அண்டா, ஜெர்மன் எனாமல் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி. அவை பகலில், லாரியில், பட்டியல் போட்டுப் போயின. இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய் நின்றால், எந்த ஆச்சியின் விலாசமோ வெட்டிய தூக்குச்சட்டி வெயிலில் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த லாரிகளை எந்த நாகமும் மறிக்கவில்லை. காக்க வேண்டிய நேரத்தில் வராத காவல்காரனை நினைத்து இப்போது ஏன் பயப்பட வேண்டும்?

நான் உடனிருந்து பார்த்த ஒரு தோண்டலைச் சொன்னால் உங்களுக்கு உதவும். ஊரும் பேரும் வேண்டாம். பங்காளிகளில் ஒருவர் மந்திரவாதி ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர் ஒரு சிறுவனை உட்காரவைத்து, வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். "என்ன தெரிகிறது? பானை தெரிகிறதா? பாம்பு தெரிகிறதா?" என்று இவரே எடுத்துக்கொடுக்க, பையன் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினான். பிறகு இரண்டாம் கட்டில் கைத்தடியால் தட்டிக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றார். அங்கே தரை பொள்ளென்று ஒலித்தது. ஆளுயர மேடை எழுப்பி மண் நிரப்பிக் கட்டிய வீட்டில் நிரப்பிய மண் அமுங்கினால் தரை அப்படித்தான் ஒலிக்கும். ஆனால் அன்று அதைக் கேட்க ஆள் இல்லை. அருமையான ஆத்தங்குடிக் கற்களைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள்.

மூலைச் சுவர் ஓரத்தில் உண்மையிலேயே ஒரு சிறு கலயம் கிடைத்தது! கூடியிருந்தவர்கள் மூச்சு விடவில்லை. உள்ளே ஒரு சங்கு, கருகிப்போன நவதானியம், பச்சை பூத்த செப்புக் காசு. மனை முகூர்த்தத்தின்போது அடித்தளத்தில் வைத்துப் பூசை செய்த பொருள்கள். அங்கிருந்த கொத்தனார் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், இதுபோல் தானே வைத்திருப்பதாக. மந்திரவாதி அசரவில்லை. "பூதம் பொன்னைக் கீழே இறக்கிவிட்டது, ஐயா. இன்னொரு பூசை போட வேண்டும்" என்று அடுத்த தொகையைச் சொன்னார். இதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். கிடைத்தால் மந்திரம் பலித்தது, கிடைக்காவிட்டால் சாபம் பெரிது. இரண்டு பக்கமும் அவருக்கே வரவு. இவர்களில் சிலர் தலைச்சன் பிள்ளை, நரபலி என்று பேச்சை எடுப்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த உடனே காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள், அதில் தாட்சண்யம் வேண்டாம். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று வருகிறவர்களும் இதே பரம்பரைதான்.

பாம்பு இருக்குமா என்றால், இருக்கும். ஆள் இல்லாத வீட்டில் எலி பெருகும், எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளில் பி என்று குறிக்கப்பட்ட அறைக்கு நாகபந்தம், அதாவது பாம்பைக் காவலாக்கும் மந்திரக் கட்டு, போட்டிருக்கிறது, திறந்தால் நாடே அழியும் என்று பரபரப்பாகப் பேசினார்கள். அறைகளைத் திறக்க வழக்குத் தொடுத்த முன்னாள் காவல் அதிகாரி 2011 ஜூலையில், 70 வயதில் இறந்ததும் பேச்சு வலுத்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் அமர்த்திய வினோத் ராயின் தணிக்கை அறிக்கை, அந்த அறை 1990க்குப் பிறகு பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது என்றது. அரச குடும்பம் அதை மறுத்தது.

பாம்பைவிட எனக்குப் பயம் காற்றின்மேல்தான். பல்லாண்டு பூட்டிக் கிடந்த நிலவறையிலும் பாழுங்கிணற்றிலும் பிராணவாயு குறைந்து கரியமில வாயு தேங்கியிருக்கும். இறங்கியவன் நினைவிழந்து விழுவான், அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். மேலே நிற்பவர்கள் பூதம் அடித்தது என்பார்கள். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய முறை. சுடர் அணைந்தால் கட்டாயம் இறங்கக் கூடாது. எரிந்தாலும் நச்சு வாயு இல்லை என்று அர்த்தமில்லை, ஆகவே தீயணைப்புத் துறையினரைக் கூப்பிடுவது மேல். வௌவால் புழுக்கையும் பூஞ்சையும் நுரையீரலைக் கெடுக்கும். 1973இல் போலந்தில் நான்காம் காசிமிர் மன்னரின் கல்லறையைத் திறந்த ஆய்வாளர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். பிறகு அங்கே ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். சாவுக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை என்றாலும், பூட்டிய அறையைத் திறந்து காற்றாடவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு நுழைவதற்கு எந்தப் பரிகாரச் செலவும் இல்லை.

நம் பக்கத்தில் நிஜமான புதையல்கள் கிடைக்காமல் இல்லை. புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியத் தங்க நாணயங்கள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் வெட்டுக்காயம். அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வரை போயின. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யும்போது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்து, எண்ணி எழுதிக் கருவூலத்துக்குப் போயின. மை போட்டவர் யாரும் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

கல்லறை என்று பார்த்தால் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை இருக்கிறது. அந்த முதுமக்கள் தாழிகளைத் திறந்து எலும்பையும் மணியையும் எடுத்து, மரபணுச் சோதனைக்கு மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். திறந்தவர்கள் நலமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாழி கிடக்கும் காட்டில் ஏர் பூட்டக் கூடாது, மண் எடுக்கக் கூடாது என்ற பயம் சில ஊர்களில் அந்த இடங்களை இதுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. தங்கம் இருக்கிறது என்ற வதந்தி கிளம்பும் வரை அந்தப் பயம் தாங்கும். கிளம்பிய மறுநாள் கடப்பாரை வந்துவிடும்.

கடைசியாகச் சட்டம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, பங்கும் போய்விடும். உரிமை கோர யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துச் சொந்தக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். மந்திரவாதிக்குச் சட்டத்தில் பங்கு இல்லை.

உங்கள் விஷயத்துக்கு முக்கியமானது இன்னொரு பிரிவு. நூறு ஆண்டுக்குள் இன்னார் புதைத்தது என்று நம்ப இடமிருந்தால், வாரிசுகள் சிவில் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டக் கலெக்டர் அவகாசம் தர வேண்டும். 1942இல் புதைத்த பர்மாப் பணம் என்று வைத்துக்கொண்டாலும் நூறு ஆண்டு ஆகவில்லை. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். பரணில் கிடக்கும் பேரேடுகளையும் ஐந்தொகை என்ற வரவுசெலவு முடிவுக் கணக்குக் கட்டுகளையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து முதலில் படியுங்கள். பணம் எங்கே போனது என்பது அதில் அணா பைசாவரை எழுதியிருக்கும். அதன்பிறகும் பங்காளிகளுக்குச் சந்தேகம் தீராவிட்டால், கிரயம் பதிவதற்கு முன்பே, இனி மண்ணில் ஏதாவது கிடைத்தால் யாருக்கு எவ்வளவு என்று வாங்குபவரோடு எழுதிக்கொள்ளுங்கள். பதிவான மறுநிமிடம் இடத்துச் சொந்தக்காரர் அவராகிவிடுவார்.